அண்ணன் பாடிய என் பாட்டு

அந்த அமெரிக்கப் பாடகர் இறந்த செய்தி வந்த அன்று அண்ணன் எனக்குப் போன் எடுத்து அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். லண்டனுக்கு வந்த புதிதில் அண்ணன் வேலை செய்த பெற்றோல் அடிக்கும் செட்டில் யாரோ விட்டுப்போன கசெட்டில்தான் அந்தப் பாடகர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். அண்ணனுக்கு அவருடைய குரலும் தொப்பியும் பிடித்தன. எனக்குப் பிடித்தது வேறு. பாடகராவதற்கு முன் அவர் குதிரையேறி மாடு மேய்த்தவர். தானே எழுதித் தானே பாடினார். அவர் பாட்டுகளில் துப்பாக்கிச் சண்டை கிடையாது. பனியில் விறைத்த கை, அறுந்த கம்பிவேலி, கன்று போட முடியாமல் தவிக்கும் பசு, இவைதான். மன்னாரில் எங்களுக்கும் மாட்டுப்பட்டி இருந்தது. அந்த மனிதர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குத் தெரியாது. அவர் பட்டிப் பக்கமே போகாதவர். சாணி மணம் ஒத்துவராதாம். அப்பாவோடு போனது நான்தான்.

லண்டன் எட்மண்டனில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பாடகருக்கு ஓர் அஞ்சலி நிகழ்ச்சி வைக்க அண்ணன் ஒழுங்கு செய்தார். "தமிழில ஒரு பாட்டு வேணும். நீ எழுது, நான் மெட்டுப் போடுறன். மேடையில உன்ர பேரைச் சொல்லுவன்" என்றார். என் பேரை யாரும் மேடையில் சொன்னதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆசை இருந்தது. குட்மேய்ஸிலிருந்து ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று கிழமை எழுதினேன். பாடகரும் கன்றுக்குக் குறி சுட்டவர், நாங்களும் சுட்டவர்கள். அதையே எழுதினேன். காய்ச்சிய இரும்பு பட்டதும் மயிர் கருகும் மணம், கட்டை அவிழ்த்த பிறகும் எழும்பாமல் கிடக்கும் கன்று, அதை நக்க வரும் தாய்.

அண்ணன் நன்றாகத்தான் பாடினார், அதை மறுக்க மாட்டேன். வால்தம்ஸ்டோ சந்தையில் வாங்கிய தொப்பி வேறு. முடிந்ததும் பாதர் மைக்கை வாங்கி, "ஆர் எழுதினது?" என்று கேட்டார். நான் முன்வரிசையில் சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"நான்தான் பாதர்" என்றார் அண்ணன். "சின்னனில அப்பாவோட பட்டியில நிண்ட ஞாபகம்."

பாட்டை எடுத்தது போகட்டும். அப்பாவோடு நான் நின்ற இடத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டார்!

அப்போது மன்னார்ப் பெரியவர் ஒருவர் எழும்பி, "சுட்ட புண்ணுக்கு என்ன பூசினனீங்கள், தம்பி?" என்று கேட்டார். அண்ணன் நேரே என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் விடை சொல்லியே பழகியவள் நான். "வேப்பெண்ணெய்" என்று என் வாய் தானாக அசைந்தது.

"வேப்பெண்ணெய், ஐயா" என்றார் அண்ணன் மைக்கில். மண்டபமே கை தட்டியது. என்னை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் என் தோளில் கை போட்டார். "நல்லகாலம் நீ முன்னுக்கு இருந்தனி. இன்னொரு இடத்திலயும் பாடக் கேக்கினம். புதுசா ஒண்டு எழுதித் தாவன்."

"ஏலாதண்ணை. என்ர பேரைச் சொல்லுவன் எண்டனீங்கள்."

"மாட்டுக்குக் குறி சுட்டனெண்டு ஒரு பொம்பிளை சொன்னா ஆரடி நம்புவினம்?"

அன்பாகத்தான் கேட்டார். தினமும் விடியக்காலையில் நான் அப்பாவுக்குப் பின்னால் பட்டிக்குப் போனதைப் பாயில் படுத்தபடி பார்த்தவர் அவர். அப்பா போன பிறகு, எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.