ஆர்டல் மாட்டிய ஏழு குழாய்கள்

ஆர்டல் ஸ்கோகனை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நாம் வாயைத் திறப்பதற்குள் ஏணியைச் சாத்தி மேலே ஏறியிருப்பான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். முப்பத்து நான்கு வருடம் மாவட்டத்துப் பனி அள்ளும் வண்டி ஓட்டினான். அவன் மனைவி யூனிஸை அடக்கம் செய்த அன்று கல்லறைக்குப் போகும் பாதையில் இடுப்பளவு பனி கிடந்தது. யாரையும் கூப்பிடாமல் தானே விடியலில் வண்டியை எடுத்து வழி பண்ணினான். பிறகு வீட்டுக்குப் போய்க் கோட்டை மாற்றிக்கொண்டு வந்து சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

அப்படிப்பட்டவனிடம் நீ செய்தது சரியில்லை என்று யார் சொல்வது? எங்கள் வட மினசோட்டாவில் அதை யாரிடமும் சொல்ல மாட்டோம். கேக் கரிந்திருந்தால் வித்தியாசமாக இருக்கிறது என்போம். கூரை ஒழுகினால் மழை பலம் என்போம். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாதிக்குப் பாதி கோழைத்தனம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர் இரும்புக் கடையை மூடினார்கள். ஆர்டல் அங்கிருந்து வண்டி நிறையப் பளபளவென்று குழாய் கொண்டுவந்தான். எங்கள் தெருவில் ஏழு கார் ஷெட். ஏழிலும் கூரையிலிருந்து தொங்கும் காஸ் ஹீட்டர். ஹீட்டரின் புகையைச் சுவர் வழியாக வெளியேற்றும் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. இரண்டே வாரத்தில் தன்னுடையது உட்பட ஏழையும் மாற்றிவிட்டான்.

அவன் கொண்டுவந்தது துணி உலர்த்தும் மெஷினுக்கான குழாய். அப்பளம் மாதிரி மெலிசு, புகைச் சூட்டைத் தாங்காது. மூட்டுக்கு மூட்டு டேப் சுற்றியிருந்தான். போதாததற்கு, வெளியே பார்த்துச் சாய வேண்டிய குழாய் உள்ளே பார்த்துச் சாய்ந்திருந்தது. புகையில் சேரும் தண்ணீர் வெளியே சொட்டாமல் திரும்ப ஹீட்டருக்கே வந்தது. நாங்கள் அண்ணாந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் குளிர்காலத்தில் என் ஹீட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. காஸ் கம்பெனி ஆள் வந்து விரலால் குழாயைத் தட்டினான். டேப் கையோடு வந்தது. அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. காஸை மூடி, பயன்படுத்தக் கூடாது என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனான். ஆர்டல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போன சனிக்கிழமை பார்த்து, துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வாங்கி மாற்றினேன். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதுக் குழாய் அவன் கண்ணில் பட்டால் மனசு நோகுமே என்று கரியைப் பூசிப் பழசு மாதிரி ஆக்கி வைத்தேன். ஐந்து வருடம் அந்தக் கரியை நான் துடைக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவன் ஷெட்டுக்குப் போனேன். தெருவில் எல்லாருடைய பனி தள்ளும் மெஷினையும் அவன்தான் பழுது பார்ப்பான். காலையிலிருந்து சாயங்காலம் வரை உள்ளேயே கிடப்பான். அன்று நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த திருகாணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வா என்றான். சற்று நேரம் கழித்து, நான் வந்து நிற்பது மறந்துபோய், மறுபடி வா என்றான்.

ஒரு மாதமாகத் தலைவலி என்றான். சர்ச்சில் உட்கார்ந்தால் மட்டும் விட்டுவிடுகிறதாம். பாதிரியார் பிரசங்கம் நன்றாக வேலை செய்கிறது என்று சிரித்தான். பலகை மேல் விஷவாயு அலாரம் பேட்டரி இல்லாமல் கிடந்தது. குளிர் அதிகமானால் சும்மா கத்துகிறது, அதனால் கழற்றிவிட்டேன் என்றான். நான் அண்ணாந்து பார்த்தேன். டேப் உரிந்து தொங்கியது, மூட்டில் தண்ணீர் சொட்டியது.

பெயின்ட் வாசனை அடிக்கிறது என்று சொல்லிப் பெரிய கதவைத் திறந்துவிட்டேன். அந்த ஷெட்டில் பெயின்டே இல்லை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. அவனும் மரியாதைக்கு, ஆமாம், கொஞ்சம் அடிக்கிறது என்றான். பிறகு அவன் சமையலறையில் மூன்று கப் காப்பி குடித்தேன். ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்று பேசினோம். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி லவோனிடம் நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைத்துப் புரிய வைத்துவிட்டதாகவும் சொன்னேன்.

"என்னன்னு புரிய வெச்ச?"

"பெயின்ட் வாசன அடிக்குதுன்னு."

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? நீ இந்தப் பக்கம் திரும்புனதும் அவரு கதவ மூடிட்டு உள்ள போயிருப்பாரு. அவரு மனசு நோகாது ரோலண்ட், கவலப்படாத. நோகறதுக்கு ஆளே இருக்க மாட்டாரு."

கையுறைகூடப் போடாமல் ஓடினேன். கதவு மூடியிருந்தது, ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கவாசல் வழியாக உள்ளே போய் முதலில் அதை அணைத்தேன். பெரிய கதவைத் திறந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த ஆர்டலை வாசலுக்கு இழுத்துவந்து நிறுத்தினேன்.

"டேய் ஆர்டல், உன் குழாய் தப்பு. எனக்குப் போட்டியே, அதுவும் தப்பு. விஷவாயு உள்ள கசியுது, உன் தலவலி அதுதான். நான் என்னுத அஞ்சு வருஷம் முன்னாடியே மாத்திட்டேன். கரியப் பூசி உனக்குத் தெரியாம மறச்சுட்டேன்."

அவன் அந்தக் குழாயையே வெகுநேரம் பார்த்தான். ஓ என்றான். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"எங்கடா போற?"

"இன்னும் அஞ்சு வீடு இருக்கே. உள்ள ஆளுங்க இருப்பாங்க."

தன் தலைவலியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவன் குணம் அது. நானும் பின்னாலேயே போனேன்.

செல்மர் வீட்டில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் போட்ட குழாய் தப்பு, ஹீட்டரை அணை என்றான். செல்மர் தன் காலணியைப் பார்த்தான். நாலு வருடம் முன்னாலேயே மாற்றியாயிற்று என்றான். ட்வைட் மாற்றி ஆறு வருடமாகியிருந்தது. அடுத்த இரண்டு வீட்டிலும் அதே கதை. ஒருவர் மறைப்புக்கென்று குழாய்க்கு முன்னால் அலமாரியே கட்டியிருந்தார். கடைசி வீடு பாதிரியாருடையது. அவர் மாற்றியது ஆர்டல் மாட்டிய மூன்றாவது வாரம்.

திரும்பி வரும்போது ஐந்து பேரும் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். ஆர்டல் தன் வாசலில் நின்றான்.

"அப்ப தெருவுலயே அந்தக் குழாய் இருக்கறது என் வீட்ல மட்டுந்தான்."

செல்மர் மறுபடி தன் காலணியைப் பார்த்தான்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டீங்க. நல்லவங்கய்யா நீங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை ஆறு பேரும் புது எஃகுக் குழாயோடு அவன் ஷெட்டில் கூடினோம். ஏணி ஒன்றுதான். நீங்கள் ஏறுங்கள், இல்லை நீங்கள்தான் ஏற வேண்டும் என்று கால் மணி நேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் நான் ஏறினேன். பழசைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் துண்டு துண்டாகப் புதுசைப் பொருத்தினேன். மூட்டுகளில் சூடு தாங்கும் பசை பூசி, கூரையோடு பட்டை கட்டித் தொங்கவிட்டு இறங்கினேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்து அருமை என்றார்கள். பாதிரியார் என் கையைக்கூடக் குலுக்கினார்.

ஆர்டல் சரிவு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஏறினான். குழாய் மேல் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தான்.

"தப்பு," என்றான். "உள்ள பாத்து சாயுது. கழட்டு."

அறுபத்தேழு வயதில், லவோனைத் தவிர வேறு யாரும் அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முகமெல்லாம் சூடானது. மறுபடி ஏணியில் ஏறி, பசை காய்வதற்குள் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றினேன். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கழற்றியதில்லை.