திரையில் இறந்தவருக்காக ஒரு குளியல்

மார்ச் 9, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். செடிகளுக்கு நீர், பிறகு குளியல், பிறகு பிரஷர் மாத்திரை. இந்த வரிசை மாறுவதில்லை. மாலையில், தாதியர் கல்லூரியில் படிக்கும் மகள் டேப்லெட் திரையில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். “ஐயோ, பேஷண்ட் செத்துட்டாரும்மா,” என்று சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் நானும் தாதிப் பயிற்சியில் இருந்தேன். பயிற்சி அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று குளிரடிக்கும் ஏர்கோன். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். டெட்டால் மணக்கும் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பச்சை எழுத்தில் ஒரு நோயாளி வருவார். நீரிழிவு, காலையில் இன்சுலின் போட்டவர், சாப்பிடவில்லை, வியர்க்கிறது, உளறுகிறார். முதலில் என்ன செய்வாய்?

சர்க்கரைத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ‘டாக்டரிடம் சொல்’ என்பதை அழுத்தினேன். நான் சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். கூரை ஒழுகினாலும் பிள்ளை விழுந்தாலும் முதலில் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் சொல்ல வேண்டும், அந்தப் புத்தி. டாக்டர் வருவதற்குள் நோயாளி இறந்துவிட்டதாகத் திரை சொன்னது. அறை முழுக்கக் கேட்கும்படி நீளமாகக் கத்தியது. பக்கத்தில் இருந்த, என்னோடு பயின்ற செமிலிங் ஊர் மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

“நாளைக்கும் சாவடிச்சே, ஆயாக்கொட்டாய்தான் ஒனக்கு. பாத்துக்கோ லா,” என்றார் மேரி அக்கா.

அது வெறும் கிண்டல் இல்லை. மறுநாள் நடக்கும் மறுதேர்விலும் தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆயாக்கொட்டாயில் தோட்டத்துக் குழந்தைகளுக்குத் தொட்டிலாட்டத் திரும்ப வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுதும் கேட்கவில்லை.

“செத்துட்டாரா? உள்ள வராத. பைப்படிக்குப் போ.”

“கம்ப்யூட்டர்லம்மா. நெசமான ஆள் இல்ல.”

“அவருக்குப் பேரு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப குளி.”

லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் நடுங்கிக்கொண்டே தலைக்கு ஊற்றினேன். ‘முதலில் சர்க்கரை, பிறகு டாக்டர்’ என்று வாளிக்கு வாளி சொல்லிக்கொண்டேன். மறுநாள் திரையில் அதே மனிதர், அதே பெயர், உயிரோடு. விரல் அப்போதும் டாக்டர் பக்கமே போனது. பின்னலுக்குள் ஈரம் இன்னும் காயவில்லை. சர்க்கரையை அழுத்தினேன். அவர் பிழைத்தார். நானும்.

அந்த லயம் இன்று வீடமைப்புப் பகுதி. குழாயடி இருந்த இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. கம்ப்யூட்டர் எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலில் மறித்து நிற்க அம்மாவும் இல்லை.

மகளிடம் கேட்டேன், அவள் திரையில் இறந்த அந்த நோயாளிக்குப் பெயர் உண்டா என்று.

“இருக்கும்மா. ஏன்?”

 மறுநாள் காலை செடிகள் காத்திருந்தன. முதலில் குளித்தேன்.