மாதத்தில் ஒரு ஞாயிறு

போன மாதம் இறந்துபோன பைலட் வக்கீல், கடைசி மூச்சுவரை ஒரே ஒருவரை மட்டும் மன்னிக்கவில்லை. வெண்ணெய் வக்கீல் என்று ஊரே அழைக்கும் அந்த மனிதருக்குக் குரல் அவ்வளவு வழுக்கும்.

பைலட் விமானப் படையில் சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மனைவி விவாகரத்துக் கேட்டாள். அவளுக்காக வாதாடியவர் வெண்ணெய்.

"வானத்துல குடியிருக்கறவருக்கு வீட்டுல பொண்ணு எதுக்குங்க?"

நீதிமன்றமே சிரித்தது. மகளைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தது. அன்று பணி வந்தால் அதுவும் போச்சு. தன் மகளின் செருப்பு அளவை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் தகப்பனானார்.

ஓய்வு பெற்றதும் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தார். கூடப் படித்தவர்கள் மாமா என்றார்கள். குடும்ப வழக்குகளைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கட்சிக்காரர் வீட்டுக்கு நேரில் போவார். ஜன்னல் கொக்கி, குளியலறைத் தாழ்ப்பாள், குழந்தையின் கட்டில் என்று ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்ப்பார், பறக்கும் முன் விமானி விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பதுபோல. நல்ல பெயர் வந்தது. அவர் காத்திருந்தது பெயருக்காக அல்ல. இந்தக் கொக்குக்கு ஒரே மீன்.

மீன் வந்தது. வெண்ணெயின் மனைவியே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரை எதிர்த்து நிக்க எந்த வக்கீலும் வரமாட்டேங்கறாங்க சார். பொண்ணு என்கிட்ட இருந்தாப் போதும்."

"இருப்பாம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

வழக்கு நாளன்று தன் மகளை வரச் சொல்லியிருந்தார். அவள் இப்போது வேலைக்குப் போகும் பொறியாளர். "வந்து பாரு" என்று பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

"கோர்ட்டுல குடியிருக்கறவருக்கு வீட்டுல பொண்ணு எதுக்குங்க?"

வெண்ணெயின் முகம் வெளுத்தது. தான் அன்று சொன்னதை அவர் மறக்கவில்லை.

நீதிபதி, தட்டச்சருக்கு மட்டும் கேட்கும் குரலில், சட்ட மொழியில் உத்தரவைச் சொல்லி முடித்தார். பைலட்டின் வாய் தானாகத் திறந்தது. விமானிக்கு அது விதி: கட்டுப்பாட்டு அறை சொன்னதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த வேலை.

"பொண்ணு அம்மாகிட்ட. அப்பா மாசத்துல ஒரு ஞாயிறு பாக்கலாம். சரி."

அவருடைய கட்சிக்காரி சட்டென்று எழுந்தாள்.

"மாசத்துல ஒண்ணா? நான் அப்படிக் கேக்கலையே ஐயா! எனக்குத்தான் அவரு ஆகாது. என் பொண்ணுக்கு அப்பான்னா உசிரு."

"உங்க வக்கீல்தானேம்மா கேட்டார்?"

"அப்ப அது அவருக்குத்தான் வேணும்போல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி தாளைத் திரும்ப வாங்கி, வாரந்தோறும் என்று மாற்றினார்.

தாழ்வாரத்தில் மகள் அருகே வந்தாள். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்கப்பா?"

"நீயும் அவன் கட்சியா?"

"நான் அந்தப் பொண்ணு கட்சி."

அதற்குள் வெண்ணெய் கண்ணைத் துடைத்தபடி வந்து அவர் கையைப் பற்றினார். "ரொம்ப நன்றி சார். பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம..."

பைலட் கையை உருவிக்கொண்டார்.

"எனக்கு எதுக்குய்யா நன்றி? நான் உனக்கு ஒண்ணுதான் கேட்டேன். நாளைக்குக் கேட்டாலும் ஒண்ணுதான் கேப்பேன்."