வரியைத் திரும்பக் கேட்க ஒரு பாஸ்போர்ட்

"கல்ஃப்காரனுக்கு வருமான வரியே கிடையாது" என்று ஆறு வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். இன்றோடு அந்த வாய் மூடிவிட்டது.

இங்கே முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் சாதிக் பாய் கீழக்கரைக்காரர். ஊர் பேங்க்கிலிருந்து வந்த கடிதத்தை அவரிடம் காட்டினேன்.

"தம்பி, உங்க டெபாசிட் வட்டியில வருஷா வருஷம் வரி பிடிச்சிருக்கான். ரிட்டர்ன் போட்டா திருப்பித் தருவான்ல. போடலியா?"

"நமக்குத்தான் வரி கிடையாதேன்னு விட்டுட்டேன் பாய்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பழசெல்லாம் போச்சு. கடைசி ஒரு வருஷத்துக்கு மட்டும் இந்த டிசம்பர் வரைக்கும் கெடு இருக்கு. முதல்ல பான் கார்டு எடுங்க. அதுக்குப் பாஸ்போர்ட்டை எம்பசியில காட்டி, காப்பியில முத்திரை வாங்கணும்."

நேரே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். எங்கள் எல்லார் பாஸ்போர்ட்டும் அங்கே இரும்புப் பெட்டியில்தான். ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட் மாஃபி, கிடையாது," என்றார் கிளார்க். "லீவுல போகும்போதுதான் கிடைக்கும்."

என் லீவு அடுத்த வருஷம் ஜூனில்.

பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. உள்ளே பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகள், பல நிறத்தில், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. அதில் எது நான் என்றுகூடத் தெரியவில்லை.

வரி இல்லாத நாடுதான், மறுக்கவில்லை.

பாஸ்போர்ட்டைத் தன் கையிலேயே வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அதன் அட்டை என்ன நிறம் என்பது எனக்கு மறந்துவிட்டது.