முப்பத்தொன்றாம் நாள்

நடந்தவை, வரிசையாக:

1. நான் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே டெலிபோன் ஒயர் வழியாக வரும் இன்டர்நெட்.
2. ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு தமிழ் அரட்டை அறையில் மலேசியப் பெண் ஒருத்தி பழக்கமானாள். அவளுக்கும் என் வயதுதான்.
3. கொஞ்ச நாளில் அரட்டையை விட்டுவிட்டு மின்னஞ்சலில் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினோம். நான் ஒன்று, அவள் ஒன்று, மாற்றி மாற்றி.
4. ப்ளஸ் டூ தொடங்கியதும் அப்பா இன்டர்நெட் ஒயரைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டார்.
5. என் இலவச மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. முப்பது நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.
6. ஆறு மாதம் அந்தப் பெட்டியைக் காப்பாற்றினேன். ஏழாவது மாதம் ஒரு நாள் தவறிப்போனது.

அந்த வருடங்களில் எனக்கு இருந்த ஒரே தோழி அவள்தான் என்பதை இந்த வரிசையில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. ஏழாவதாகப் போட்டால் நடந்த சம்பவம் மாதிரி ஆகிவிடும். அது சம்பவம் இல்லை. எல்லா நாளும் இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு வீடு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். பத்தாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம். நல்ல மார்க் வந்ததால் ப்ளஸ் ஒன்னுக்கு டவுனில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தார்கள். அங்கே இருந்த பெண்கள் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் என்னிடம் மோசமாக நடந்துகொள்ளவில்லை. பெஞ்சில் இடம் கேட்டால் தள்ளி உட்கார்ந்தார்கள். மதியம் சாப்பிடும்போது நான்கு நான்கு பேராக வட்டம் போடுவார்கள். வகுப்பில் மொத்தம் இருபத்தொரு பெண்கள். நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. சேர்ந்த முதல் வாரமே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஹாலில், டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்தது. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். இன்டர்நெட் போட்டால் போன் வேலை செய்யாது. அக்கம்பக்கத்து நான்கு வீட்டுக்கு எங்கள் போன்தான் என்பதால் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் அனுமதி. மோடம் கீச்சிட்டு, இரைந்து, அப்புறம் அடங்கும். அது அடங்குகிற அந்த நொடிக்காக நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

அரட்டை அறையில் நுழைந்ததும் வயது, ஆணா பெண்ணா, ஊர் என்று கேட்பார்கள். முதல் நாள் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் பதினான்கு பேர் பேச வந்தார்கள், பதினான்கும் ஆண்கள். மிரண்டுபோய் ஒயரையே பிடுங்கிவிட்டேன். அடுத்த நாள் ஐம்பது வயது, ஆண், திருவண்ணாமலை என்று போட்டேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாள் ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"அங்கிள், அந்த மலை நிஜமாவே செவப்பா இருக்குமா?"

இல்லை, மழைக்குப் பிறகு பச்சையாகவும் வெயில் காலத்தில் பழுப்பாகவும் இருக்கும் என்று அடித்தேன். யார் சிவப்பு என்று சொன்னது?

"எங்கம்மா சாமி மேடையில ஒரு காலண்டர் படம் இருக்கு. அதுல செவப்புலா."

பத்து நிமிடம் அங்கிளாகவே பேசினேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. நான் அங்கிள் இல்லை, பதினாறு வயதுப் பெண் என்று எழுதினேன். இனி பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"நான் மட்டும் என்ன? நாப்பது வயசு டீச்சர்னு போட்டிருக்கேன். ஃபார்ம் ஃபோர் படிக்கிறேன்லா."

ஃபார்ம் ஃபோர் என்றால் அவளுக்கும் பதினாறு வயது. ஹாலில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாடி, பொட்டிய பாத்து சிரிக்கிற?" என்றாள்.

அந்த மலேசியப் பெண்ணின் அம்மா கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். இவள் பள்ளியிலிருந்து வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபிலிருந்துதான் எனக்கு எழுதுவாள். கடிதங்களில் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. அவர்கள் பள்ளிக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி வெள்ளை பூசிக் காயவைக்க வேண்டும். மழை வந்தால் அழுகைதான் என்று ஒரு கடிதம் முழுக்க எழுதியிருந்தாள். பௌர்ணமிக்கு எங்கள் தெருவில் எத்தனை செருப்பு அநாதையாகக் கிடக்கும் என்று நான் எழுதினேன்.

ஆரம்பத்தில் அவள் பதில் வருவதற்குள் நான் மூன்று, நான்கு என்று எழுதிவிடுவேன். ஒரு தடவை அவள் பத்து நாள் கழித்து வந்து, "ஐயோ, எத்தனை கடிதம்! எதுக்கு முதல்ல பதில் போடுறது?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குப் பெஞ்சில் இடம் கேட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அன்று நான்தான் விதி போட்டேன்: இனிமேல் ஒன்றுக்கு ஒன்று. ஒருத்தியிடமிருந்து பதில் வராமல் இன்னொருத்தி எழுதக்கூடாது. அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதை மீறியதே இல்லை.

ப்ளஸ் டூ வந்தது. எங்கள் ஊரில் ப்ளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் கேபிளைத் துண்டிப்பார்கள். எங்கள் வீட்டில் அதோடு இன்டர்நெட்டும்.

"ஒரு வருஷம்மா. ஒரே வருஷம்," என்றார் அப்பா. மோடம் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேலே இருந்த பழைய சூட்கேசில் வைத்தார். "பரிட்ச முடிஞ்ச அன்னிக்கி நானே எடுத்து மாட்டித் தரேன்."

அப்போதுதான் முப்பது நாள் விதி எனக்கு விதியாகத் தெரிந்தது. அதற்கு முன் அதைப் படித்ததோடு சரி.

பௌர்ணமி உதவியது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக அம்மா பாதையோரம் இட்லி, போண்டா கடை போடுவாள். அப்பா பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவார். எனக்குப் படிப்பு இருப்பதால் வீட்டில் விட்டுவிடுவார்கள். சாயங்காலம் வீடு காலி. தினசரிக் காலண்டரைப் புரட்டி எண்ணினேன். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபத்தொன்பது நாள், இல்லாவிட்டால் முப்பது. முப்பதைத் தாண்டுவதே இல்லை. எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திறந்தால் போதும், நாளை எண்ணவே வேண்டாம்.

ஸ்டூல் போட்டு ஏறுவேன். சூட்கேஸ், ஒயர், மோடம். அவள் கடிதத்தைப் படிப்பேன், பதில் எழுதுவேன், ஒயரைச் சுருட்டி அதே ரப்பர் பேண்டைப் போட்டு வைத்துவிடுவேன். மாதத்தில் அந்த நாற்பது நிமிடம்தான் நான் யாருடனாவது பேசினேன் என்று சொல்லலாம். மூன்றாவது மாதம் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "எடுத்தத எடுத்த எடத்துலயே வெச்சிட்டியா?" என்றாள். வைத்துவிட்டேன் என்றேன். அதோடு சரி.

ஆறாவது மாதம் கார்த்திகை. போன கடிதத்திலேயே, தீபம் ஏற்றுவதைப் பார்த்து அன்றைக்கே எழுத வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அந்த வருடம் தீபம் ஒரு நாளும் பௌர்ணமி மறுநாளும் வந்தது. எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. தீபத்துக்குக் கணக்கு கார்த்திகை நட்சத்திரம். அது சில வருடம் பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்னால் வரும்.

தீபத்தன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். உச்சியில் சுடர் தெரிந்ததும் பாதையிலிருந்து எழுந்த சத்தம் வீட்டுச் சுவரில் அதிர்ந்தது. எல்லோரும் பாதையில் இருந்ததால் வீடு காலி. கீழே ஓடிவந்து ஒயரை மாட்டினேன். அன்று லைன் கிடைப்பது கஷ்டம். மோடம் பதினோரு முறை டயல் செய்த பிறகு கிடைத்தது. அவள் கடிதம் இருந்தது. பரீட்சை முடிந்ததும் அவர்கள் வேறு ஊருக்கு வீடு மாறுகிறார்கள். பள்ளி முடிந்துவிட்டால் லேபும் கிடையாது. "எங்க போறோம், எப்படி எழுதுறதுன்னு அடுத்த கடிதத்துல கண்டிப்பா சொல்றேன்" என்று முடித்திருந்தாள். நான் தீபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பௌர்ணமி. தீபத்துக்கு வந்த அத்தை குடும்பம் ஹாலில் பாய் விரித்திருந்தது. அத்தை கம்ப்யூட்டர் மேசையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்குடி மூடி வெச்சிருக்கீங்க?"

"பரிட்சை வருது அத்தை."

"பரிட்ச இதுக்கா, உனக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவலையே இல்லை. இந்த மாதத்து வேலை முடிந்துவிட்டது, இனி மார்கழிப் பௌர்ணமிக்குத் திறந்தால் போதும் என்று மனதில் ஓடியது. நான் திறந்தது பௌர்ணமியன்று இல்லை, அதற்கு முந்தைய நாள் என்பது ஓடவில்லை.

கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து மார்கழிப் பௌர்ணமிக்கு அந்த வருடம் முப்பது நாள். தீபத்திலிருந்து எண்ணினால் முப்பத்தொன்று.

மார்கழிப் பௌர்ணமியன்று நான்கு மணிக்கு ஒயரை மாட்டினேன். பெட்டி திறந்தது. கணக்கு முப்பது நாளுக்கு மேல் பயன்படுத்தப்படவில்லை, ஆகவே கடிதங்களும் முகவரிகளும் அழிக்கப்பட்டன, தொடர விரும்பினால் இங்கே அழுத்துங்கள் என்று மூன்று வரி இருந்தது. அழுத்தினேன். உள்ளே நிறுவனத்தின் வரவேற்புக் கடிதம் ஒன்று மட்டும் இருந்தது.

அம்மா மாவுப் பாத்திரம் எடுக்க வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி ஆச்சு? அப்பா பாத்துட்டாரா?"

"லெட்டருங்க எல்லாம் போயிடுச்சிம்மா."

"மறுபடியும் எழுதச் சொல்லு அந்தப் பொண்ண."

"அட்ரஸ் தெரியாதும்மா."

"ஒன்னர வருஷமா எழுதற, அட்ரஸ் தெரியாதா?" பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப எப்டி அனுப்பிச்ச?"

அவள் கடிதத்தின் கீழே இருக்கும் பதில் பொத்தானை அழுத்துவேன். முகவரி தானாக வந்து நிற்கும். ஒரு தடவைகூட நானாக அடித்ததில்லை. ஒரு தடவைகூடக் காகிதத்தில் எழுதிவைத்ததில்லை. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கத்தில் வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புடவையில் போண்டா எண்ணெய் வாசனை. "அதுவா எழுதும்டி. உன் அட்ரஸ்தான் அதுகிட்ட இருக்கு இல்ல?" என்றாள்.

இருந்தது. ஆனால் அவள் எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் தன் கடிதத்தை எழுதி முடித்திருப்பாள். புது ஊரையும் சொல்லியிருப்பாள். அடுத்தது நான் எழுத வேண்டிய முறை. நான் போட்ட விதி அது. அவள் அங்கே உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருப்பாள், நான் நிறுத்திக்கொண்டேன் என்று முடிவுசெய்யும்வரை.

ஒயரைச் சுருட்டி வைக்கவில்லை. அப்பா வந்து பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். அம்மா அவரை அடுப்படிக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அப்புறம் அந்த ஒயர் பரீட்சை முடியும்வரை மாட்டியபடியே இருந்தது. தினமும் திறந்து பார்த்தேன். அரட்டை அறையிலும் ஐம்பது வயது ஆணாகப் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதவர்கள் வாங்கும் மார்க் அது.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில், கல்லூரி லேபில் இருந்தபோது, அவள் முகவரி ஒரு பூவின் பெயரும் பின்னால் நான்கு எண்களும் என்பது ஞாபகம் வந்தது. எந்த நான்கு எண்கள் என்பதும் ஓரளவு நிச்சயம். வரிசைதான் தெரியவில்லை. நான்கு வெவ்வேறு எண்களை இருபத்து நான்கு விதமாக அடுக்கலாம். இருபத்து நான்கு முகவரிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். அதில் என் வீட்டு விலாசம், போன் நம்பர், நடந்த தவறு, மன்னிப்பு எல்லாம் இருந்தன.

பத்தொன்பது கடிதங்கள் அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பிவிட்டன. ஒன்றிலிருந்து யாரோ ஒருவர், தவறான ஆளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் தோழி கிடைக்கட்டும் என்று மரியாதையாக எழுதினார். நான்கு திரும்பவில்லை.

அது நடந்து ஐந்து வருடமாகிறது. நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்த நான்கில் எதிலிருந்தும் பதில் வரவில்லை.