பள்ளிப் படலைக்கு வெளியே அமர்ந்திருந்தவர்

ஓல்டனில் சனிக்கிழமைதோறும் நான் பதிகம் கற்பித்த பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டிலேயே பிறந்த தமிழர். நெடிய உருவம்; எவரையும் நேரே நோக்காத கண்கள். பள்ளி வளவுக்குள் இருந்த சிறு வீட்டில் தனியாக வாழ்ந்தார். இந்நாட்டு ஆண்களுக்குரிய கட்டாய இராணுவப் பயிற்சிக்கு ஆண்டுதோறும் சென்று, படைத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கும் இங்குள்ள வழக்கப்படி அதனுடன் வீடு திரும்புவார்.

அவ்வாறு திரும்பிய ஒரு சனிக்கிழமை, மழையில், பள்ளியின் வாயிற் படலைக்கு எதிரேயுள்ள பேருந்துத் தரிப்பிடத்தில் அமர்ந்திருந்தார். இடைவேளையில் தேநீர் கொண்டு சென்றேன்.

"ஏன் தம்பி, உள்ள வரச் சட்டம் விடாதோ?"

"விடும் ஐயா. இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பொலிசிட்டயும் கேட்டனான்."

"பிறகென்ன? உம்மட வீட்டுக்கு நீரே விருந்தாளியோ?"

அவர் அருகில் சாய்த்திருந்த துப்பாக்கியைக் காட்டினார்.

"போன வருஷம் இதோட உள்ள வந்தனான். சண்டைக்குள்ள தப்பி வன்னியிலயிருந்து வந்த பிள்ளை கண்டிட்டு மேசைக்குக் கீழ பூந்திட்டுது. பிறகு ஒரு மாசம் வகுப்புக்கே வரேல்ல. அவ வகுப்பு முடிஞ்சு போகட்டும், வாறன்."

அவள் வராத அந்த ஒரு மாதத்தைச் சோம்பல் என்றே நான் எண்ணியிருந்தேன்.

பதிகத்தை இடையில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை. அன்று பதினொரு பாட்டில் எட்டாம் பாட்டுடன் நிறுத்தி, பிள்ளைகளை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினேன். மீதி மூன்றையும் வெற்று வகுப்பறையில் தனியே பாடிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டில் விளக்கு எரிந்தது.