மூக்கில் கொம்புள்ள பச்சோந்தியும் என் லீவும்

பாபாவின் கந்தூராக்களை, அந்த நீள வெள்ளை அங்கிகளை, இஸ்திரி போட்டு அடுக்குகிறேன். பெட்டி சூடாகிற நேரத்தில் இரண்டு இரண்டு வரியாக இதை எழுதுகிறேன். பாபா என்றால் எங்கள் வீட்டு முதலாளி. வீட்டு வேலைக்கு அபுதாபி வந்த அக்கா தங்கச்சிமாரே, இந்த வேலையில் என்னென்ன அடக்கம் என்று ஏஜெண்ட் சொல்வதே இல்லை. எனக்கு ஒரு பச்சோந்தியும் அடக்கம்.

வந்து இறங்கிய நாள்

ஆப்பிரிக்காவில் ஏதோ மலைக்காட்டிலிருந்து பாபா அதைக் கொண்டுவந்தார். அங்கேயும் அபூர்வமாம். மூக்கின்மேல் மூன்று கொம்பு. ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் கதவைப் பார்த்தது. எனக்கும் கதவுப் பக்கம்தான் கால் போனது. சமையல்காரர் காசிம் பாய், காயல்பட்டினத்துக்காரர், தூர நின்றே சொன்னார்: “பயப்படாதே தங்கச்சி, உன் பாஸ்போர்ட்டை வச்சிருக்கிற அதே முதலாளி, அதே கஃபீல்தான் இதுக்கும்.”

தண்ணீர்

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. தாகத்தில் அதன் கண் குழி விழுந்துவிட்டது. மணல்காற்று அடித்த மறுநாள், தூசி போக அதன் கூண்டுச் செடியைக் கழுவி வைத்தேன். இலையில் நின்ற துளிகளை ஒவ்வொன்றாக நக்கிக் குடித்தது. பாபா பார்த்துவிட்டார். “கலாஸ், முடிவாச்சு! இனிமே காலையில முதல்ல இது. அப்புறம்தான் என் டீ.”

ஏசி

போன வாரம் பாபாவின் மனைவி, மேடம், சொன்னார்: நாங்கள் லண்டன் போகிறோம், நீயும் லீவில் ஊருக்குப் போ, காசிம் வீட்டைப் பார்ப்பான், ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிடு.

குளிர் மலையில் பிறந்த பச்சோந்தி இந்த வெயிலைத் தாங்குமா? சொன்னால், நீயே இருந்து பார்த்துக்கொள் என்று லீவை நிறுத்திவிடுவார்கள். நான் விட்டுவந்தபோது தவழ்ந்த மகள் இப்போது நடக்கிறாளாம். சொல்லாவிட்டால் இது செத்துப்போகும்.

இந்த வீட்டில் நான் தலையாட்டுவேனே தவிர பேசினதில்லை. அன்றைக்குத் தரையைப் பார்த்தபடியே, “பாபா, ஏசி மாஃபி, இது கலாஸ்” என்றேன். ஏசி இல்லையென்றால் இதன் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்த அரபியில். அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஏசி ஓடட்டும். காசிம் இதுக்குச் சாப்பாடு குடுத்தா நீ போ. அவனால முடியலைன்னா நீ இரு.”

காசிம் பாய்க்குப் பாடம்

முழு ஆட்டைக் கூறுபோடுகிற மனிதர், துள்ளுகிற வெட்டுக்கிளியைப் பிடிக்க மாட்டேன் என்கிறார். முதல் வெட்டுக்கிளி பிரியாணிச் சட்டிக்குள் போனது. அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். நாக்கு நீண்டு வந்து விரலில் ஒட்டியது. அவர் போட்ட கூச்சலில் பச்சோந்தி பயந்து கறுத்தே போனது. கையை உதறிக்கொண்டு சொன்னார்: “உன் மகளுக்காகத்தான் நிக்கிறேன் தங்கச்சி. இந்தக் கொம்பனுக்காக இல்ல.”

இப்போது தனியாகப் பழகிப் பார்க்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். ஆக, மூன்று கொம்புள்ள ஒன்றும் விரல் நீட்டப் பயப்படுகிற ஒருவரும் ஒத்துப்போனால்தான் நான் பிளேன் ஏறலாம் என்று ஆகிவிட்ட பிறகு, நான் யாரிடம் போய்

“தங்கச்சி! யல்லா, ஓடி வா! என் கையில இருந்தே தின்னுட்டான்!”

இதோ, வந்து